ஆஸ்பத்திரிக்கு யார் போகிறார்கள், யார் போகவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகாதாரப் பொருளாதாரத்தில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் அடுத்து வரும் கேள்விகள் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒன்றுதான். மாணவர்கள் கேட்பார்கள், சொந்தக்காரர்கள் கேட்பார்கள், ஒருமுறை ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கேட்டார். அவர்களுக்குச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

இந்தத் துறையில் என்னதான் ஆராய்கிறீர்கள்?

ஒரு ஊரில் வருஷத்துக்கு எத்தனை பேர் ஆஸ்பத்திரியில் படுக்கிறார்கள், அவர்கள் யார், எவ்வளவு செலவாகிறது, அந்தப் பணம் யார் கையிலிருந்து போகிறது என்று பார்ப்போம். அப்புறம் அதைக் குடும்பத்தின் வருமானம், சாதி, படிப்பு, ஆஸ்பத்திரி இருக்கும் தூரம் ஆகியவற்றோடு பொருத்திப் பார்ப்போம்.

கேட்க எளிதாக இருக்கும். சிக்கல் எங்கே என்றால், ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் வந்தவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். வரவேண்டியிருந்தும் வராமல் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. எங்கள் வேலையில் பாதி, அந்த வராதவரைத் தேடுவதுதான்.

சரி, ஏழைகள் ஆஸ்பத்திரிக்கு அதிகம் போகிறார்களா, குறைவாகப் போகிறார்களா?

எந்த நாடு, எந்த மாதிரி ஆஸ்பத்திரி என்பதைப் பொறுத்தது. இந்தியாவில் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை நடந்தது. பிரசவத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், அதற்கு முந்தைய 365 நாளில் ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் கிராமத்தில் 2.6 சதவீதம், நகரத்தில் 3.4 சதவீதம். கடந்த 15 நாளில் ஏதாவது நோய் இருந்ததா என்ற கேள்விக்கு இருந்தது என்றவர்கள் கிராமத்தில் 6.8 சதவீதம், நகரத்தில் 9.1 சதவீதம்.

இதை அப்படியே எடுத்துக்கொண்டால் கிராமத்து மக்கள் நகரத்து மக்களைவிட ஆரோக்கியமானவர்கள் என்று ஆகிவிடும். மாநிலங்களை ஒப்பிட்டால் இன்னும் விசித்திரம். நீண்ட ஆயுள் கொண்ட கேரளத்தில் நோய் சொல்பவர்கள் மிக அதிகம். ஆயுள் குறைவான பீகாரில் மிகக் குறைவு. அமர்த்தியா சென் 2002இல் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார். பள்ளிக்கூடமும் டாக்டரும் பக்கத்தில் இருக்கும் ஊரில்தான் மனிதர்கள் தங்கள் உடம்பில் இருப்பதை நோய் என்று அடையாளம் காண்கிறார்கள். மற்ற இடத்தில் அது வயசு, அலுப்பு, வேலைக் கஷ்டம் என்ற பெயர்களில் கழிந்துவிடுகிறது.

அப்படியானால் மக்கள் சொல்வதை நம்பக்கூடாதா?

அவர்கள் பொய் சொல்வதில்லை. ஒரு கணக்கெடுப்பில் நானே பார்த்ததைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா, களத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "கடந்த 15 நாளில் உடம்புக்கு ஏதாவது உண்டா அம்மா?" என்று கேட்டேன். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். பேசிக்கொண்டே காலை நீட்டினார். இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வார் அழுந்திய இடம் பள்ளமாக இருந்தது. "இது எத்தனை நாளாக?" என்றதற்கு, "இது கெடக்குது, மாசி மாசத்துலருந்து" என்றார். அன்று எழுதிய மாதம் ஆவணி.

படிவத்தில் அவர் நோயில்லாதவர். அவருடைய பதிலைத் திருத்த எனக்கு அனுமதி இல்லை. விதிப்படி திருத்தவும் கூடாது. ஆனால் அந்தக் குடும்பம் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று பிறகு யாராவது என்னிடம் கேட்டால், தேவை இல்லாததால் போகவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வராது.

பிறகு தேவையை எப்படித்தான் அளக்கிறீர்கள்?

வாய்ச் சொல்லோடு நிற்காமல் அளந்து பார்க்க வேண்டும். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வில் வீடுவீடாக ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்தார்கள். 45 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான முதியோர் ஆய்வில் சுமார் 72,000 பேரிடம் இதுபோல உடல் அளவுகளையும் எடுத்தார்கள். ஒருவருக்கு பிரஷர் இருக்கிறது என்று கருவி சொல்கிறது, அவருக்கே அது தெரியாது என்றால், அந்த இடைவெளிதான் மறைந்திருக்கும் தேவை.

இரண்டாவது வழி, ஒரே வயது, ஒரே அளவு நோய் உள்ள இருவரை ஒப்பிடுவது. ஒருவர் வசதியானவர், ஒருவர் கூலிக்காரர். வசதியானவர் மூன்று முறை டாக்டரைப் பார்த்திருக்க, மற்றவர் ஒரு முறைதான் பார்த்தார் என்றால் அங்கே அநீதி இருக்கிறது. இதைத் தொகுத்துச் சொல்லக் குவிவுக் குறியீடு என்று ஒன்று இருக்கிறது. −1 முதல் +1 வரை போகும். பூஜ்யம் என்றால் ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையே சாய்வு இல்லை. கூட்டல் பக்கம் போனால் பயன் வசதியானவர் பக்கம் குவிகிறது. நல்ல கருவிதான். ஆனால் தேவையைச் சேர்க்காமல் பயன்பாட்டை மட்டும் வைத்து அதைக் கணக்கிட்டால், ஏழைகள் கொஞ்சம் கூடுதலாகப் போவதையே சமத்துவம் என்று எழுதிவிடுவோம். ஏழைக்கு நோய் இரண்டு மடங்கு இருந்தால் கொஞ்சம் கூடுதல் எப்படிப் போதும்?

அரசு ஆஸ்பத்திரி இலவசம்தானே? அதற்கும் போகாவிட்டால் யார் குற்றம்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் எண்கள். அதே 75ஆவது சுற்றின்படி, ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆகும் சராசரி மருத்துவச் செலவு கிராமப்புறத்தில் அரசு ஆஸ்பத்திரி என்றால் 4,290 ரூபாய், தனியார் என்றால் 27,347 ரூபாய். நகரத்தில் 4,837, 38,822. அரசு ஆஸ்பத்திரி மலிவு என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் பூஜ்யம் இல்லை. வெளியில் எடுத்துவரச் சொன்ன ஸ்கேன், ஸ்டோரில் இல்லாத மருந்து என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

இந்த எண்களுக்குள் வராத செலவு ஒன்று உண்டு. எந்த ஜி.எச். வராந்தாவிலும் ராத்திரி பத்து மணிக்குப் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் பாய், பழைய போர்வை, தண்ணீர் பாட்டில், கட்டைப்பை. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு துணையாள் அங்கே படுத்திருப்பார். நோயாளி தினக்கூலி என்றால் துணைக்கு வந்தவரும் பெரும்பாலும் தினக்கூலி. ஐந்து நாள் படுத்தால் பத்து நாள் கூலி போச்சு. போகவர பஸ், கேன்டீனில் இட்லி, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளையும் ஆட்டையும் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பட்ட கடன். மாதச் சம்பளக்காரருக்கு மருத்துவ விடுப்பு உண்டு. இவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஆக, "அறுவடை முடியட்டும், அப்புறம் போகலாம்" என்று ஒருவர் தள்ளிப்போடுகிறார் என்றால் அவருக்கு அறிவு இல்லை என்று நினைக்காதீர்கள். வீட்டுக் கணக்கை நம்மைவிட நுணுக்கமாகப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் தள்ளிப்போடுகிறார். துயரம் என்னவென்றால், காலில் சின்னப் புண்ணாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டுப்போட்டு முடிந்திருக்க வேண்டியது, மூன்று மாதம் கழித்து விரலை எடுப்பதில் வந்து முடிகிறது. அப்போது அவர் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் படுப்பார். புள்ளிவிவரத்தில் அது "ஏழைகள் அதிகம் பயன்படுத்துகிறார்கள்" என்று பதிவாகும்.

பின்தங்கிய நிலை என்றால் வருமானம் மட்டும்தானா?

இல்லை. சாதி, பாலினம், மொழி, தூரம் எல்லாம் தனித்தனியாகவும் சேர்ந்தும் வேலை செய்கின்றன. இங்கிலாந்தில் வருமானம், வேலை, படிப்பு, உடல்நலம், குற்றம், வீட்டு வசதி, சுற்றுப்புறம் என்று ஏழு அம்சங்களைச் சேர்த்துச் சுமார் 1,500 பேர் வாழும் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் ஒரு தரவரிசை வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அவ்வளவு நுணுக்கமான பகுதிவாரிக் குறியீடு இல்லாததால், குடும்பத்தின் நுகர்வுச் செலவையும் சமூகப் பிரிவையும் வைத்தே பெரும்பாலும் கணக்குப் போடுகிறோம்.

பெண்களின் நிலை?

ஒரே வீட்டுக்குள்ளேயே ஏழை ஒருவர் இருக்கிறார் என்பதை இந்த ஆய்வுகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. டெல்லி எய்ம்ஸில் 2016இல் பதிவான சுமார் 23 லட்சம் புறநோயாளி வருகைகளை ஆராய்ந்தபோது, நான்கு மாநிலங்களிலிருந்து மட்டும் வந்திருக்க வேண்டிய பெண்களின் வருகை 4 லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஊர் எவ்வளவு தூரமோ, குறைவும் அவ்வளவு அதிகம்.

ராஜஸ்தானில் 2015 டிசம்பரில் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டம் இன்னும் மனதை வருத்துகிறது. சிகிச்சை இலவசம். இருந்தும் அந்தத் திட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகளில் பெண் குழந்தைகள் மூன்றில் ஒரு பங்குதான். கட்டணம் இல்லை என்றாலும் பயணமும் ஒரு நாள் கூலியும் உண்டு. அதை யாருக்காகச் செலவழிப்பது என்று வீட்டில் முடிவாகும்போது பெண் பிள்ளை பின்னால் தள்ளப்படுகிறாள்.

மக்களின் கைக்காசுச் செலவு குறைந்துகொண்டே வருகிறதே, அது நல்ல செய்திதானே?

நாட்டின் மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுப்பது 2013–14இல் 64.2 சதவீதமாக இருந்தது, 2021–22இல் 39.4 சதவீதம் என்று தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. திசை நல்ல திசைதான். அரசின் பங்கு கூடியதும் ஒரு காரணம்.

ஆனால் கைக்காசுச் செலவு இரண்டு விதமாகக் குறையும். ஒன்று, அரசோ காப்பீடோ கொடுப்பதால். இன்னொன்று, மக்கள் சிகிச்சைக்கே போகாமல் இருப்பதால். குடும்பச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அதைப் பேரிடர்ச் செலவு என்கிறோம். நகையை அடகு வைத்துத் தனியாரில் வைத்தியம் பார்த்த குடும்பம் இந்தப் பட்டியலில் வந்துவிடும். அடகு வைக்க ஒன்றுமே இல்லாமல் வீட்டோடு இருந்துவிட்ட குடும்பம் வராது. அட்டவணையில் அந்த இரண்டாவது குடும்பம் பத்திரமாக இருப்பதுபோலத் தெரியும். பேரிடர்ச் செலவு பற்றிய எந்த அறிக்கையைப் பார்த்தாலும், பக்கத்திலேயே "சிகிச்சை எடுக்காதவர்கள் எத்தனை பேர்?" என்ற எண்ணையும் தேடுங்கள்.

காப்பீட்டு அட்டை எல்லோர் கையிலும் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய திட்டம் இன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடக்கிறது. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இதய அறுவைச் சிகிச்சை, டயாலிசிஸ் என்று இதனால் உயிர் பிழைத்தவர்கள் நம் எல்லோர் தெருவிலும் உண்டு. அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன்.

குறை எங்கே என்றால், இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கானவை. மாதாமாதம் வாங்கும் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, டாக்டர் பீஸ், ரத்தப் பரிசோதனை இவற்றில்தான் கைக்காசின் பெரும்பகுதி கரைகிறது. அட்டை அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

காப்பீடு என்ன செய்யும், என்ன செய்யாது என்று தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம். 2008இல் ஏழைகளுக்கான காப்பீட்டில் சுமார் 10,000 இடங்கள் இருந்தன. 90,000 பேர் வரை வரிசையில் நின்றார்கள். குலுக்கல் நடத்தினார்கள். ஆராய்ச்சியாளர்களுக்கு இது கிடைப்பதற்கரிய வாய்ப்பு, ஏனென்றால் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் இடையே அதிர்ஷ்டம் தவிர வேறு வித்தியாசம் இல்லை. முதல் வருஷத்தில் காப்பீடு பெற்றவர்கள் ஆஸ்பத்திரியில் சேருவது சுமார் 30 சதவீதம் கூடியது. அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது 18 மாதத்தில் 40 சதவீதம் கூடியது. மன அழுத்தம் குறைந்தது. கையிலிருந்து போகும் பேரிடர்ச் செலவு ஏறக்குறைய மறைந்தது. ஆனால் இரண்டு வருஷத்தில் ரத்த அழுத்தத்திலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிலும் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் தெரியவில்லை.

இதை வைத்துக் காப்பீடு வீண் என்று சிலர் எழுதினார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடன் பயம் இல்லாமல் ஒரு குடும்பம் ராத்திரி தூங்குவது சின்ன விஷயமா?

எல்லாமே இலவசம் என்றால் ஏழை பணக்காரர் வித்தியாசம் போய்விடுமா?

இங்கிலாந்தில் 1948 முதல் சிகிச்சை இலவசம். இருந்தும் 1971இல், வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊர் ஒன்றில் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்று எழுதினார். இந்தத் துறையில் அதைவிட அதிகம் நினைவுகூரப்படும் வாக்கியம் இல்லை.

பிறகு 2016இல் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். இங்கிலாந்தின் மிக ஏழ்மையான ஐந்தில் ஒரு பகுதியில் வாழ்பவர், மிக வசதியான பகுதியில் வாழ்பவரைவிடச் சீக்கிரம் இறக்கிறார். அப்படியிருந்தும் அவருடைய வாழ்நாள் ஆஸ்பத்திரிச் செலவு ஆண்களில் 16 சதவீதமும் பெண்களில் 22 சதவீதமும் அதிகம். குறைந்த வருஷம் வாழ்ந்து, அதிக நாள் நோயாளியாக இருந்து போகிறார்கள். எல்லாப் பகுதிகளும் வசதியான பகுதிபோல இருந்திருந்தால் 2011–12இல் ஆஸ்பத்திரிச் செலவில் மட்டும் 480 கோடி பவுண்டு மிச்சமாகியிருக்கும். வறுமையை அப்படியே விட்டுவைப்பதும் செலவுதான் என்று நிதித் துறையிடம் பேசுவதற்கு இதைவிட நல்ல எண் எனக்குக் கிடைத்ததில்லை.

திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருபவர்களை மட்டும் தனியாகக் கவனித்தால் செலவு குறையாதா?

நியாயமான யோசனை. அமெரிக்காவின் நியூஜெர்சியில் கேம்டன் என்ற ஏழை நகரத்தில் இதைத்தான் செய்தார்கள். அடிக்கடி சேருபவர்களைக் கண்டுபிடித்து, நர்ஸும் சமூகப் பணியாளரும் வீடு தேடிப் போய், மருந்து, அரசு உதவி எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். சேர்க்கை குறைந்தது; நாடு முழுக்கப் பாராட்டு. பின்னர் 800 பேரை வைத்துக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது. 180 நாளில் மறுபடி சேர்ந்தவர்கள் திட்டத்தில் இருந்தவர்களில் 62.3 சதவீதம், இல்லாதவர்களில் 61.7 சதவீதம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஒருவர் மிக மோசமாக இருக்கும் சமயத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த ஆறு மாதத்தில் எதுவும் செய்யாவிட்டாலும் சராசரியாகக் கொஞ்சம் தேறத்தான் செய்வார். அந்தக் குழு சோம்பேறிகள் இல்லை, உயிரைக் கொடுத்து உழைத்தவர்கள். வீடு இல்லாமை, போதை, வேலையின்மை என்று நாற்பது வருஷம் சேர்ந்த சுமையை மூன்று நான்கு மாதத்தில் இறக்க முடியவில்லை. தங்கள் திட்டத்தையே இப்படிச் சோதனைக்கு ஒப்புக்கொடுத்த அவர்களின் நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இப்போது கணினியே யாருக்குக் கவனிப்பு வேண்டும் என்று சொல்லிவிடுகிறதாமே?

சொல்கிறது, கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் பயன்படுத்திய ஒரு கணிப்பு முறை, யாருக்கு எதிர்காலத்தில் அதிகச் செலவாகும் என்று பார்த்து அவர்களைக் கூடுதல் கவனிப்புக்குத் தேர்ந்தெடுத்தது. கறுப்பின மக்களுக்கு நோய் அதிகம் இருந்தும் அவர்களுக்காகச் செலவழிக்கப்பட்ட பணம் குறைவு. கணினி அதை ஆரோக்கியம் என்று புரிந்துகொண்டது. 2019இல் வெளியான ஆய்வின்படி, பிழையைச் சரிசெய்தால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 ஆக உயரும். கடலை உடைத்துக்கொண்டிருந்த அந்த அம்மாவின் படிவத்தில் நடந்த அதே தவறுதான்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் பரவாயில்லையா?

பல மாநிலங்களைவிட நன்றாகவே இருக்கிறது. 1995–96 தரவை வைத்து நடந்த ஒரு தேசிய ஆய்வு, அரசு சுகாதாரச் செலவில் மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கு மக்களுக்கு ஒரு ரூபாய் போனால் மிக வசதியானவர்களுக்கு ஏறக்குறைய 3 ரூபாய் போகிறது என்று காட்டியது. அதிலும் கேரளமும் தமிழ்நாடும் ஏழைகள் பக்கம் சாய்ந்த மாநிலங்களாக இருந்தன. மருந்தை மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் மருத்துவப் பணிகள் கழகத்துக்கும் கிராம சுகாதார நர்ஸ்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு.

ஆனால் 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 7.3 சதவீதத்தினருக்குத்தான், சர்க்கரையில் 10.8 சதவீதம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. 2023–24 கணக்கெடுப்பில் அந்த விகிதங்கள் 17, 16.7 என்று உயர்ந்தன. உயர்வு முழுவதும் அந்தத் திட்டத்தால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எனக்கு அந்தத் திட்டத்தின் பெயர் பிடிக்கும். வராதவரைத் தேடிப் போவது என்பதை அரசே பெயராக வைத்திருக்கிறது. இனி அந்த மாத்திரை எந்தத் தெருவுக்குப் போகிறது, ஊர்க் கடைசியில் இருக்கும் காலனிக்கும் செங்கல் சூளைக்கும் போகிறதா என்று பிரித்துப் பிரித்து வெளியிட வேண்டும்.

நான் மாணவன். எங்கே தொடங்குவது?

தேசிய மாதிரி ஆய்வின் குடும்பவாரித் தரவு மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசம். 75ஆவது சுற்றில் மட்டும் 1.13 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இருக்கின்றன. கணினியைத் திறப்பதற்கு முன்னால் அதன் கேள்விப் படிவத்தைத் தரவிறக்கி, உங்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுப் பெரியவரிடமோ உட்கார்ந்து முழுசாகக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு அவர்கள் "ஒண்ணுமில்ல" என்கிறார்களோ, அங்கே ஒரு பென்சில் குறி போட்டு வையுங்கள்.